மரி என்றொரு மருமகள்

கதிர்,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், இந்தக் கடிதத்தை முடிப்பதற்குள் விமானம் ஒசாகாவில் இறங்கிவிடும் என்று அம்மா கேலி செய்கிறாள். பரவாயில்லை, ஆறுதலாக வாசி. ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் எனக்குத் தெரிந்தது பஸ் ஓட்டிப் பழகிய ஆங்கிலம். தள்ளி உள்ளே போங்கள், கதவில் சாய வேண்டாம் என்பதற்கு அது போதும். மகனோடு மனம்விட்டுப் பேச அது காணாது.

கலியாண வீடு ஓய்ந்துவிட்டது. பலகாரப் பெட்டிகள் இன்னும் சோபாவின் பின்னால் கிடக்கின்றன. நீயும் மரியும் அவளுடைய ஆட்கள் வைக்கும் விருந்துக்குப் புறப்படுகிறீர்கள். போவதற்கு முன் ஒரு விஷயத்தை உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அழைப்பிதழ் அடித்த அந்தக் கிழமையில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். நீ கோபத்தில் போனை எடுக்காமல் இருந்தாய். மரி தன் பக்கத்தைக் கொஞ்சமாகத்தான் சொல்லியிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். மகேஸ் மாமி தன் வாயால் உனக்குச் சொல்லமாட்டா. ஆகவே அது என் வேலையாகிறது.

மரி முதன்முதலாக பிளேஸ்டோவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ மூக்குக்கண்ணாடியின் மேல் ஏறி இருந்து அதை உடைத்து, அதைச் செய்விக்கப் போன கடையில் கண் சோதிக்கிற பிள்ளையாக இவளைக் கண்டு, பிறகு உடையாத கண்ணாடியையும் அடிக்கடி கொண்டுபோய்க் காட்டிய கதையெல்லாம் எங்களுக்கு அதன்பின்தான் தெரியவந்தது. அவள் சப்பாத்தைக் கழற்றி, முனை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவுக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. பெயர் என்ன பிள்ளை என்று கேட்டாள். அவள் சொன்னது அம்மாவின் காதில் மாரி என்று விழுந்தது. “அம்மாளாச்சியின்ரை, மாரியம்மன்ரை பேர்!” என்று அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எனக்கோ மேரி என்று கேட்டது. மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரப் பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன். நீ பல்லைக் கடித்தபடி, “நோ அம்மா, ஷோர்ட்டா சொல்லுங்கோ. மரி. ம-ரி” என்று பாடம் நடத்தினாய். அவள் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இடியப்பத்தைச் சொதியோடு குழைத்துக் கையால் சாப்பிட்டுவிட்டு, தான் வேலை செய்யும் இடத்தில் பின்லாந்திலிருந்து வந்த இன்னொரு மரி இருக்கிறாள், ஆட்கள் இவளைச் சின்ன மரி, அவளைப் பெரிய மரி என்பார்கள், ஆனால் வயதில் இவள்தான் பெரியவள் என்று சொன்னாள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் பெயரைப் பற்றி வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாததுதான் வில்லங்கமாயிற்று. அழைப்பிதழ் அடிக்க இல்ஃபோர்டில் இருக்கும் செபமாலை அண்ணையிடம் போனேன். மன்னார்க்காரர், ஞாயிறு பூசை தவறவிடாதவர். நான் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்துவிட்டு, “மரியோ? அருமையான பேர். எங்கடை அம்மாவின்ரை பேரும் அதுதான், மாதாவின்ரை பேரும் அதுதான்” என்றார். பொன்னிற எழுத்தில் அடித்துத் தந்தார். கதிரவன் – மரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் அழைப்பிதழை அக்காவுக்கு, உன் மகேஸ் மாமிக்கு, கொண்டுபோனேன். அவவுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. என்னை லண்டனுக்குக் கூப்பிட்டவ அவ. நானும் அம்மாவும் மாறி மாறி ஷிப்டுக்கு ஓடிய காலத்தில் உன்னைத் தன் வீட்டில் வைத்துச் சோறூட்டியவ அவ. உனக்கு ஆலாத்தி எடுக்க வேறு ஒருவரை நினைத்துப் பார்க்கவே என்னால் முடியாது.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா. பிறகு கழற்றினா. பிறகு மறுபடியும் போட்டா.

“டேய், உதை வாசிச்சுப் பாத்தனியா?”

“என்ன அக்கா, எழுத்துப் பிழையே?”

“கதிரவன் மரி. சூரியனே செத்துப்போ எண்டு அச்சடிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய். அதுக்கு மஞ்சள் வேறை தடவியிருக்கிறாய்!”

அவ சொன்ன பிறகு அந்த எழுத்துகளை வேறு மாதிரி வாசிக்கவே முடியவில்லை. அது அவளுடைய பெயர் அக்கா என்றேன். “பேரெண்டால் மாத்திறது. மாரி எண்டு போடு. இல்லாட்டி மாலதி, மாதங்கி, எத்தினை பேர் கிடக்கு! மங்கலமான காரியத்திலை சாவைப் பொன் எழுத்திலை அடிப்பினமே? உந்தக் கலியாணக் காட்டோடை நான் மண்டபத்துக்கு வரமாட்டன், சொல்லிப்போட்டன்.”

உனக்கு அதை நான் போனில் சொன்ன விதமும் பிழைதான். கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம். நீ முழுவதையும் கேட்கவில்லை. “நோ சான்ஸ் அப்பா. அவளின்ர பேரை மாத்தச் சொன்னா, நாங்கள் ரெஜிஸ்டர் ஒஃபிஸோட முடிச்சிடுவம்” என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு உன் போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் நீ, மறுபக்கம் அக்கா, நடுவில் ஒரு பெட்டி நிறைய அழைப்பிதழோடு நான். செபமாலை அண்ணையிடம் திரும்பப் போனேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். “தம்பி, நாங்கள் விடிஞ்சால் பொழுதுபட்டால் அருள் நிறைந்த மரியே எண்டுதான் சொல்லுறம். ஒருத்தரும் அதாலை சாகேல்லையே!” என்றார். பிறகு, அக்காவின் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் மாரி என்று வேறாக ஒரு கட்டு அடித்துத் தரலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “பொம்பிளை ஒண்டு, பேர் ரண்டோ? போய்ப் படுங்கோ” என்று அம்மா அந்தக் கதையை அத்தோடு முடித்தாள்.

ஆனால் அம்மா சும்மா இருக்கவில்லை. மரிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாய் என்று நான் பதறியபோது, “அவளின்ரை பேர். அவளுக்குத் தெரியாமல் நாங்கள் ஏன் அதுக்காகச் சண்டை பிடிக்கவேணும்?” என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரி உனக்குச் சொல்லாமல், தனியாக எலிசபெத் லைன் ரயில் பிடித்து இல்ஃபோர்டில் போய் இறங்கி அக்காவின் கதவைத் தட்டினாள். கையில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தல். அதற்குள் தண்ணீரும், பச்சைப் பட்டுத்துணியைச் சுருட்டியது போல ஒரு உருண்டையும். இனி நான் எழுதப்போவது அக்கா எனக்குச் சொன்னது. அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நான் தமிழில் எழுதுகிறேன்.

“பாசி!” என்றா அக்கா என்னிடம். “குளத்துப் பாசியை ஆரும் ஒரு வீட்டுக்குக் கொண்டு போவினமே?” ஆனால் வாசலுக்கு வந்த பிள்ளையை அவவால் திருப்பி அனுப்ப முடியாது. தேத்தண்ணி வைத்து, முதல் நாள் சுட்ட வடையைச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறா. மரி அந்தப் போத்தலை மேசையில் வைத்து, இதற்கு மரிமோ என்று பெயர், எங்கள் நாட்டில் ஒரு ஏரியில் இது தானாக உருண்டு உருண்டு இப்படி வளரும், மரி என்றால் பந்து, பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் பந்தை என் மேல் எறிந்து ‘உன் தங்கச்சி வருகிறாள், பிடி’ என்று பகிடி பண்ணுவார்கள் என்றாளாம். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டா. “அப்ப உன்ரை பேருக்குப் பந்து எண்டோ கருத்து?” என்று கேட்டிருக்கிறா.

அப்போதுதான் மரி ஒரு கடதாசி கேட்டாள். அக்கா கடை விளம்பரத் தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தா. மரி அதில் தன் பெயரை ஒவ்வொரு மாதிரியாக எழுதிக்கொண்டே போனாள். ஜப்பானில் ஒரு பெயரின் ஓசை ஒன்றாக இருந்தாலும், எந்த எழுத்தில் எழுதுகிறோமோ அதுதான் கருத்து. இப்படி எழுதினால் உண்மை. இப்படி எழுதினால் பந்து. இப்படி எழுதினால் பத்தாயிரம் காதம், அதாவது எட்டாத தூரம். அவள் பிறந்தபோது தகப்பனுக்கு அந்தத் தூரம்தான் பிடித்திருந்தது, பிள்ளை உலகம் பார்க்க வேண்டும் என்று. தாய்க்கு வேறொன்று பிடித்திருந்தது. அதையும் எழுதிக் காட்டி, இது ஒரு பூ, வெள்ளை, மணக்கும், இந்த எழுத்து இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன ஒரு சொல்லிலிருந்து வந்தது, மல்லிகா என்று ஏதோ சொல்லுவார்கள் என்றாள்.

“மல்லிகை!” என்று அக்கா கத்தியேவிட்டா.

தாயும் தகப்பனும் விட்டுக்கொடுக்கவில்லையாம். கடைசியில் பதியும் இடத்துக்குப் போய், எந்தக் கருத்தும் இல்லாத, குழந்தைகள் முதலில் படிக்கும் வெறும் ஓசை எழுத்தில் மரி என்று பதிந்துவிட்டு வந்தார்கள். “அதனால் என் பெயருக்கு ஒரு கருத்தும் இல்லை, மாமி. எல்லாக் கருத்தும் இருக்கிறது” என்றாள். பிறகு பேனாவை அக்காவிடம் நீட்டினாள். அக்கா மாரி என்று எழுதி, மழை, அம்மன் என்று விளக்கினா. மறி என்று எழுதி, இது பெட்டை ஆடு என்றா. ஆடு என்றதும் மரி மேசையில் தலையை வைத்துச் சிரித்திருக்கிறாள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டா. அதன் பிறகு மரி என்று எழுதினா. அதற்குக் கருத்தை எழுதாமல் பேனாவை மேசையில் வைத்துவிட்டா.

“எனக்குத் தெரியும், கதிரின் அம்மா சொன்னா” என்றாள் மரி. “உங்களுக்கு அந்தச் சொல் பயமாக இருந்தால் நீங்கள் என்னை மாரி என்றே கூப்பிடுங்கள், மாமி. நான் ஓம் என்பேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை மேரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கும் ஓம் என்கிறேன்தானே.”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அக்காவின் முகம் மாறியதாம். எழும்பிப் போய் இரண்டு கோப்பையையும் கழுவத் தொடங்கினா. கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினா. தண்ணீரை நிறுத்தாமலே சொன்னாவாம்: “என்னையும் மேரி எண்டுதான் கூப்பிட்டவை.”

கதிர், இதை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். அக்கா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தது உனக்குத் தெரியும். சேர்ந்த முதல் நாள், மேலாளர் அவவுடைய பெயரைப் பார்த்து, மகேஸ்வரியா, இது சரியான நீளம், மேரி என்று வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கிறா. கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். அக்காவும் சிரித்திருக்கிறா. வந்த புதிது, வேலை தேவை. சட்டையில் குத்தும் பட்டியிலும் மேரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு பிள்ளைகள் மேரி என்றார்கள், ஆசிரியர்கள் மேரி என்றார்கள், பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரித்த சிநேகிதிகளும் மேரி என்றார்கள். வேலையை விட்டு ஓய்வு எடுத்த நாளில் கொடுத்த கேக்கிலும் மேரிதான். அந்தக் கேக் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் மேலிருந்த சீனி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றது நீதான். அக்கா ஒரு துண்டும் சாப்பிடாமல் ஜன்னலோரம் இருந்தா. வேலையை விட்ட கவலை என்று நாங்கள் நினைத்தோம்.

பின்னேரம் எனக்குப் போன் வந்தது.

“தம்பி, கலியாணக் காட்டை மாத்தாதை.”

“என்னக்கா சொல்லுறியள்?”

“அந்தப் பிள்ளைக்குப் பேர் இருக்கு. இன்னொண்டு வைக்க நாங்கள் ஆர்? மரி எண்டால் செத்துப்போ எண்டு தமிழ் சொன்னால், அது தமிழின்ரை பிரச்சினை, பிள்ளையின்ரை பிரச்சினை இல்லை. உவன் கதிரை எனக்குப் போன் எடுக்கச் சொல்லு. இஞ்சை இவள் என்ரை வடையெல்லாத்தையும் முடிச்சுப்போட்டாள்.”

நீ ஓடி வந்தது, மாமியின் வாசலில் அழுதது, அதெல்லாம் உனக்குத் தெரிந்த பகுதி.

ஹரோவில் மண்டபத்தில் நடந்ததைத் திரும்ப எழுதத் தேவையில்லை என்று அம்மா சொல்கிறாள். ஆனால் நீ மணவறையில் புகைக்குள் இருந்தாய், பலதைக் கண்டிருக்கமாட்டாய். மாரி என்று மாற்றப் பார்த்த பெயருக்கு மழை வரும் என்று செபமாலை அண்ணை குடையோடு வந்திருந்தார். ஒரு துளியும் விழவில்லை, நல்ல வெயில். ஐயர் மரியின் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களைச் சொல்லி மந்திரம் சொல்ல வேண்டிய இடத்தில், மரியின் தகப்பன் எழுந்து நின்று ஒவ்வொரு பெயரையும் மெதுவாகச் சொன்னார். ஐயர் ஒவ்வொன்றையும் அப்படியே வாங்கிச் சொன்னார். ஒன்றில் மட்டும் நாக்குப் புரளவில்லை. தகப்பன் தலையசைத்துத் திரும்பச் சொன்னார், ஐயர் திரும்ப முயன்றார், மூன்றாவது தரம் சரியாக வந்தபோது சபையில் கைதட்டல் எழும்பியது. கலியாண மந்திரத்துக்குக் கைதட்டியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மரியின் தாய் மகளின் கொண்டையிலிருந்த மல்லிகையை அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்தா. எழுத்தில் கிடைக்காததைத் தலையில் வென்றுவிட்ட சந்தோஷம் அவவுக்கு.

சாப்பாட்டு நேரத்தில்தான் அது நடந்தது. அக்கா தன்னோடு சமையலறையில் வேலை செய்த சிநேகிதிகளையும் அழைத்திருந்தா. அதில் டோரின் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி சேலை கட்டி, பிந்தி வந்து சேர்ந்தா. வாசலிலிருந்தே கையை உயர்த்தி, “மேரி!” என்று மண்டபம் அதிரக் கூப்பிட்டா. அக்காவும் திரும்பினா, மேசைகளுக்கு நடுவில் நின்ற மரியும் திரும்பினாள். டோரின் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து முழித்தா. அக்கா மரியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. நான் பக்கத்தில் நின்றேன்.

“டோரின், இவள் பெயர் மரி. மேரி இல்லை, மரி. என் மருமகள்” என்றா. பிறகு ஒரு மூச்சு எடுத்து, “என் பெயர் மகேஸ்வரி” என்றா.

டோரினுக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டா. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் என்றா அக்கா. அவவுடைய குரலில் கோபம் இல்லை, கதிர். இத்தனை காலம் சுமந்த பையைக் கீழே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. டோரின் அவவைக் கட்டிப் பிடித்துக்கொண்டா. அதன் பிறகு சாப்பாடு முடியும்வரை அந்த மேசையில் மகேஸ், மகேஸ்வா, மகேஸ்வரி என்று பாடமாக்கும் சத்தம்தான். பாயசம் வந்தபோது டோரினுக்குச் சரியாக வந்துவிட்டது. மேசையிலிருந்த எல்லோரும் கரண்டியால் தட்டிக் கொண்டாடினார்கள். அக்காவின் முகத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள், அவதான் மணப்பெண் என்று சொல்லியிருப்பார்கள்.

உனக்குச் சொல்ல எனக்குப் பெரிய புத்திமதி எதுவும் கிடையாது. அம்மா என்னைப் பெயர் சொல்லாமல் இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டாள். நானும் அவளை இஞ்சேர் என்றுதான். எங்களுக்கு அது பழகிவிட்டது. நீ அப்படி இருந்துவிடாதே. கோபம் வரும்போதும் அவளுடைய பெயரைச் சொல்லிக் கோபப்படு, குறில் குறிலாகவே இருக்கட்டும். அவளுக்கு ஒரு நாள் பந்து போல உருண்டு திரிய மனம் வரும், ஒரு நாள் பத்தாயிரம் காதம் போக மனம் வரும். அன்றைக்கு அவள் எந்த மரி என்று நீயாக முடிவு செய்யாமல் கேட்டுக்கொள்.

கடைசியாக ஒன்று. நேற்றுக் காலை, ஊர் திரும்பிவிட்ட மரியின் தகப்பன் வீடியோவில் வந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை என்பது உனக்குத் தெரியும். வழக்கமாக நான் மரி என்பேன், அவர் பெருவிரலைத் தூக்குவார். அவர் உன் பெயரைச் சொல்லுவார், நான் பெருவிரலைத் தூக்குவேன். நேற்று அவர் உன் பெயரைத் தன் வாய்க்கு வந்தபடி “கஜிரு” என்றார். பிறகு ஒரு ஆப்பிளை எடுத்து, என்னைப் பார்த்தபடியே நறுக்கென்று கடித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் அவருடைய மனைவி சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு மரியிடம் கேட்டேன். அவர்களுடைய பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கடித்துத் தின்னுதல் என்று கருத்தாம். உன்னை முதன்முதல் சந்தித்த நாளிலிருந்தே அவளுக்கு அது தெரியுமாம், சொல்லாமல் வைத்திருந்தாளாம். அங்கே அவளுடைய பெரியம்மா ஒருவர், கடிக்கிற மாப்பிள்ளையா நமக்கு என்று மிகவும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாவாம்.

ஆகவே தயாராகப் போ. யாராவது அன்பாக, கென் என்று சுருக்கி வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் சுலபம் அல்லவா என்று கேட்பார்கள். தலையாட்டிவிடாதே. ஒரு கடதாசி வாங்கி, வெயிலின் கதிரையும் நெல்லின் கதிரையும் வரைந்து காட்டு. அதன் பிறகு அந்தப் பெரியம்மாவுக்கு முன்னால் இருந்து, மேசையிலிருக்கும் ஆப்பிளை எடுத்து, கதிர் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஒரு கடி கடி. அவ சிரிப்பா. சிரித்தவர்கள் பெயரை மறக்கமாட்டார்கள்.

அன்போடு,
அப்பா